கொட்டகைக் கதவுக்கே முதல் செலவு

குன்னூரை அடுத்த கொலக்கம்பைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். அரை ஏக்கர் தேயிலை, இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள், ஒரு கிடாரிக் கன்று, ஐந்து ஆடுகள். ஒரே இரவில் பட்டிக்குள் புகுந்த சிறுத்தை நான்கு ஆடுகளைக் கொன்றுவிட்டது. தூக்கிப் போனது ஒன்றைத்தான். மற்ற மூன்றும் அங்கேயே கிடந்திருக்கின்றன. “பசிக்குக் கொன்னா ஒண்ணோட போயிருக்கணும்ல டாக்டரய்யா, திங்காததை எதுக்குக் கொல்லணும்?” என்று கேட்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர், செத்த ஆட்டில் பூச்சிமருந்தை ஊற்றி ஓடையோரம் போடச் சொல்லியிருக்கிறார். மகன் கூண்டு கேட்டு வனத்துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறான். நாய் வாங்கலாமா, விளக்குப் போடலாமா, இல்லை எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்துவிடலாமா என்று கடிதம் முடிகிறது.

விற்க வேண்டாம் அம்மா. பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் மாதக் கடைசியைத் தாண்டவைப்பது பால்காசுதான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மகன் எழுதும் மனுவை இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். முதலில் பட்டியைப் பார்ப்போம், அடுத்து பட்டியைச் சுற்றியுள்ள புதரை. சிறுத்தையின் முறை அதற்குப் பிறகு வரட்டும். நம் ஊரில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகப் போகிறது. சிறுத்தையைப் பிடிக்கச் சொல்லி மறியல் நடக்கும். கூண்டு வந்து நிற்கும். பட்டியின் உளுத்துப்போன கதவு மட்டும் அப்படியே இருக்கும்.

தின்னாததை ஏன் கொன்றது என்ற கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. காட்டில் மான்கூட்டத்தில் ஒன்றைப் பிடித்ததும் சுற்றியிருந்தவை சிதறி ஓடிவிடும். கண்ணெதிரே அசைவது எதுவும் இல்லாததால் வேட்டை அத்தோடு முடியும். பட்டிக்குள் ஆடுகள் எங்கே ஓடும்? கத்திக்கொண்டு சுவரில் மோதும், திரும்ப வரும், மறுபடி ஓடும். அந்த அசைவு சிறுத்தையின் கொல்லும் உந்துதலை அடங்க விடுவதில்லை. இதில் வன்மம் எதுவும் இல்லை. கோழிக் கூண்டுக்குள் மரநாய் புகுந்தாலும் இதுதான் நடக்கும். ஆகவே, ஆட்டை வெளியே விடாமல் சிறுத்தையை மட்டும் உள்ளே விடுகிற பட்டிதான் எல்லாவற்றிலும் மோசமான பட்டி. திறந்த வெளியில் விட்டிருந்தால் ஒருவேளை ஓர் ஆடு போயிருக்கும். அரைகுறையாக அடைத்ததால் நான்கு போயின.

சரி, முழுதாக அடைப்பது எப்படி? பெரும்பாலானோர் சுவரைப் பார்க்கிறார்கள், கூரையை மறந்துவிடுகிறார்கள். தன் எடைக்குச் சமமான இரையை வாயில் கவ்விக்கொண்டு மரமேறுகிற விலங்குக்கு ஆறடிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விட்டிருக்கும் ஒரு சாண் சந்து, பழைய தகரத்தைக் கல் வைத்து அழுத்தியிருக்கும் மூலை, கதவுக்கு மேலே சாக்குத் தொங்கும் இடைவெளி, இவைதான் அதன் வாசல்கள். லடாக்கிலும் ஸ்பிதியிலும் பனிச்சிறுத்தை ஒரே இரவில் பட்டியையே காலி செய்துகொண்டிருந்தது. அங்கே கிராமத்தார் கண்டுகொண்ட தீர்வு மிக எளியது: பட்டியின் மேல் மரச்சட்டம் போட்டு, கம்பிவலையால் மூடி, இறுக்கமான கதவு வைத்தார்கள். அப்படி மூடிய பட்டிகளில் கூட்டக்கொலை நின்றுவிட்டது. வாழும் இடம் எதுவானாலும் பூனைக் குடும்பத்தின் பழக்கம் ஒன்றுதான்.

குன்னூரின் ஈரத்தில் சாதாரண இரும்புவலை இரண்டு மழைக்காலம்தான் தாங்கும். துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் வாங்குங்கள். கண்ணின் அளவு இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேலென்றால் உள்ளே படுத்திருக்கும் குட்டியை வெளியிலிருந்தே நகத்தால் இழுக்க முடியும். வலையைச் சட்டத்துக்கு வெளிப்புறமாக அடியுங்கள். உள்பக்கம் ஆணியடித்த வலை, வெளியே இருந்து தள்ளினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கீழ்விளிம்பை ஓரடி ஆழம் மண்ணில் புதையுங்கள், அல்லது கற்காரையில் பதியுங்கள். தரை மண்ணாக இருந்தால் சிறுத்தை தோண்டுகிறதோ இல்லையோ, காட்டுப்பன்றி தோண்டும். அது விட்டுப்போகிற பள்ளம் பிறகு வருகிறவனுக்கு வழியாகும்.

கதவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் பார்த்த பெரும்பாலான கொட்டகைகளில் கதவென்பது தேயிலைப் பெட்டிப் பலகையோ பழைய தகரமோதான். தாழ்ப்பாளுக்குப் பதில் கயிறு. சிறுத்தை முன்காலால் தள்ளிப் பார்க்கும், ஆடினால் விடாது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்கட்டும், அப்போது தள்ளுகிற விசை கதவை நிலையோடு சேர்த்து அழுத்தும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள். கதவுக்கும் தரைக்கும் இடையே கை நுழையக் கூடாது. கையிலிருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாதென்றால் சுவர்ப் பூச்சை விட்டுவிடுங்கள், தரைக்கு ரப்பர் விரிப்பு பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் செலவு கதவுக்கு, இரண்டாவது கூரைச் சந்துக்கு.

இன்னொன்று, புண்ணாக்கு மூட்டையைக் கொட்டகைக்குள் வைக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடிகள் எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கோயில் கதவையும் கடைக் கதவையும் பெயர்ப்பது உங்களுக்குத் தெரிந்த செய்திதான். கடலைப் புண்ணாக்கின் வாசனையை அது விடுமா? கரடி உங்கள் கன்றைத் தின்ன வராது, ஆனால் கதவைப் பெயர்த்துப்போட்டுப் போகும். மறுநாள் இரவு யார் வருவார் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி, அடித்தது எது என்று கண்டுபிடிப்பது. வந்தது எந்த விலங்கு என்று தெரியாமல் தற்காப்பு செய்யமுடியாது. சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்துகிறது. கழுத்தில் இரண்டு இணை ஆழமான துளைகள் இருக்கும். மார்பு, வயிற்றுப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கும். இழுத்துப்போன தடம் புதருக்கோ மரத்தடிக்கோ போகும். புலியானால் பின்தொடையிலிருந்து தொடங்குவது வழக்கம், வளர்ந்த மாட்டையும் சாய்க்கும். ஈரமண்ணில் பதிந்த தடத்தின் அகலம் 10 செ.மீ.க்கு மேலிருந்தால் புலியைச் சந்தேகிக்கலாம். செந்நாய் கூட்டமாக வரும், பகலில் வரும், பின்பக்கத்திலும் வயிற்றிலும் கிழிக்கும். பூனை இனத்தின் தடத்தில் நகம் பதியாது, நாய் இனத்தின் தடத்தில் பதியும். உடம்பெல்லாம் சின்னச்சின்னக் கடிகள், பின்கால்கள் கிழிந்து, இறைச்சி அதிகம் தின்னப்படாமல் கிடந்தால் முதலில் தெருநாய்களை நினையுங்கள். சிறுத்தையின் கணக்கில் எழுதப்படும் ஆடுகளில் ஒரு பகுதி நாய்கள் கொன்றவை. இதை ஊரில் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

இனி பகல் மேய்ச்சல். குன்னூரில் மேய்ச்சல் நிலம் என்று தனியாக எதுவும் இல்லை. தேயிலை ஓரம், சாலை ஓரம், சதுப்பு, சீகைமரக் காட்டின் விளிம்பு, கிடைத்த இடத்தில் மாடு மேய்கிறது. ஆபத்து எங்கே என்றால் கைவிட்ட தேயிலையில். பறிக்கக் கூலி கட்டாமல், கவாத்து வெட்டாமல் விட்ட தோட்டத்தில் செடி ஆளுயரத்துக்கு எழும்பி, இடையில் உண்ணிச்செடியும் பெரணியும் புகுந்து, சில ஆண்டுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத இருட்டாகிவிடுகிறது. பன்றி அங்கே குட்டி போடுகிறது, சிறுத்தையும் போடுகிறது. காடு பெருகியதால் விலங்கு ஊருக்குள் வந்தது என்றோ, காடு அழிந்ததால் வந்தது என்றோ மேடைகளில் பேசிக்கொள்ளட்டும். தேயிலை விலை விழுந்ததால் ஊர் நடுவிலேயே முளைத்த புதர்க்காடுகளைப் பற்றி யாராவது பேசினால் நன்றாயிருக்கும்.

சிறுத்தை பதுங்கித் தாக்கும் விலங்கு, நெடுந்தூரம் துரத்தாது. மறைவிலிருந்து சில பாய்ச்சலில் இரை கிடைத்தாக வேண்டும். எனவே கொட்டகையைச் சுற்றி முப்பது, நாற்பது அடிக்குப் புதரைச் சுத்தமாக வெட்டிவிடுங்கள். பக்கத்து நிலம் கைவிட்ட தோட்டமாக இருந்தால், உரிமையாளர் கோவையிலோ சென்னையிலோ இருந்தாலும், ஊராட்சி மூலம் எழுதி வாங்கி எல்லையோரத்தையாவது வெட்டுங்கள். இதை ஒரு வீடு தனியாகச் செய்தால் சிறுத்தை அடுத்த வீட்டுக்குப் போகும். தோட்ட லயன் குடியிருப்பு முழுவதும், ஹட்டி என்னும் மலைக்கிராமம் முழுவதும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைமழைக்குப் பிறகு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை செய்தால் பலன் உண்டு.

மாட்டை எந்த நேரத்தில் அவிழ்ப்பது என்பதிலும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. சங்கத்துக்குப் பால் ஊற்ற விடியுமுன் கறந்து, இருட்டோடு மாட்டை அவிழ்த்துவிடுகிறோம். மாலையில் அது தானாக வரட்டும் என்று இருக்கிறோம். இரண்டும் சிறுத்தையின் நேரம். வெயில் ஏறியபின் அவிழ்த்து, நான்கரை, ஐந்து மணிக்குள் ஓட்டிவந்துவிடுங்கள். மூடுபனி இறங்கிய நாளில் பகல் என்ற கணக்கே செல்லாது, அன்று கட்டிப்போட்டே தீவனம் போடுங்கள். நீண்ட கயிற்றில் முளையடித்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போவதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். ஓடவும் முடியாது, முட்டவும் முடியாது, அந்த மாடு வெறும் இரைதான். தோடர்களின் எருமைகளைப் பாருங்கள். காவலில்லாமல் புல்வெளியில் திரிந்தாலும், புலி வாடை பட்டால் ஒன்றுசேர்ந்து கொம்பை முன்னிறுத்தி நிற்கும். நம் ஜெர்சிக்குப் பாலைக் கூட்டியவர்கள் இந்தப் புத்தியைக் கூட்டவில்லை. அதற்குப் பதிலாக மனிதத் துணை வேண்டும். நான்கு வீடு சேர்ந்து முறைவைத்து ஒருவர் மேய்த்தால், நான்கு பேரும் தனித்தனியாக மாட்டைத் தேடி இருட்டில் புதருக்குள் நுழைவது நின்றுபோகும். தனியாக மாடு தேடிப் போவது மாட்டைவிட மனிதருக்கு ஆபத்து.

சினைமாட்டை ஈனும் தேதிக்குப் பத்து நாள் முன்பிருந்தே மேயவிடாதீர்கள். கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் புதரோரம் போய் ஈனுவது மாட்டின் இயல்பு. நஞ்சுக்கொடியைப் பால்மரத்தில் கட்டும் வழக்கம் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. காட்டோரத்தில் அதைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைப்பதுதான் சரி.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நினைப்பதுபோல் நாய் காவலாகவும் இருக்கலாம், அழைப்பிதழாகவும் ஆகலாம். மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டத்தில் கரும்புக்காட்டில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை வித்யா ஆத்ரேயாவும் குழுவினரும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். சிறுத்தை தின்றதில் எடைக்கணக்கில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டுமே 39 சதவீதம், ஆடு அதற்கு வெகு கீழே. குன்னூருக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் 2023 தீபாவளி அதிகாலையை நினைத்துக்கொள்ளுங்கள். புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்திவந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்து, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலரைக் காயப்படுத்தியது. கறிக்கடைக் கழிவையும் விடுதி எச்சிலையும் சாலையோரம் கொட்டுகிறோம், நாய் பெருகுகிறது, நாய்க்காக வருகிற சிறுத்தை உங்கள் ஆட்டைப் பார்க்கிறது. கூண்டுக்காக மனு கொடுப்பதற்கு முன் ஊராட்சியில் குப்பைக்காக ஒரு மனு கொடுங்கள்.

நமீபியாவில் 1994 முதல் சிவிங்கிப்புலியிடமிருந்து ஆடுகளைக் காக்க அனடோலிய மேய்ப்பு நாய்களை வளர்த்துக் கொடுக்கிறார்கள், பலன் நன்றாயிருக்கிறது. ஆனால் சிவிங்கிப்புலி சண்டையைத் தவிர்க்கும் விலங்கு. சிறுத்தைக்கு நாயே உணவு. நாய் வளர்க்கத்தான் போகிறீர்களென்றால் இரவில் அதைக் கட்டிலுக்கடியிலோ மூடிய கூண்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். குரைத்து எழுப்பினால் போதும். கொட்டகை வாசலில் சங்கிலியில் கட்டுவது நாய்க்குச் செய்யும் துரோகம்.

விளக்கு உதவும், சில நாளைக்கு. கென்யாவில் நைரோபி தேசியப் பூங்கா ஓரத்தில் ரிச்சர்ட் டுரேரே என்ற மசாய்ச் சிறுவன், நின்றெரியும் விளக்கைச் சிங்கம் சட்டை செய்வதில்லை, நடமாடும் டார்ச்சைக் கண்டு விலகுகிறது என்று கவனித்தான். பழைய பேட்டரியையும் உடைந்த டார்ச் பல்புகளையும் கோத்து, பட்டியைச் சுற்றி மாறிமாறி மினுக்கும் விளக்குகளை அமைத்தான். அந்த யுக்தி ஆப்பிரிக்காவில் பல இடங்களுக்குப் பரவியது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரே இடத்தில் ஒரே மாதிரி எரிகிற விளக்கு, மூன்று வாரத்தில் சிறுத்தைக்கும் தெருவிளக்காகிவிடும். சோலார் விளக்கை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். சில இரவு வானொலி பாடட்டும், சில இரவு வேண்டாம். உளுத்த கதவுக்கு மேல் தொங்கும் விளக்கு யாரையும் காப்பாற்றாது.

இன்னொரு செய்தி சொன்னால் சிரிப்பீர்கள். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் மாட்டின் பின்புறத்தில் இரண்டு பெரிய கண்களை வரைந்து பார்த்தார்கள். பதுங்கித் தாக்கும் விலங்கு, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றினால் பின்வாங்கும் என்பது கணக்கு. நான்காண்டு ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது: கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றுகூட அப்படிப்பட்ட விலங்குகளால் சாகவில்லை, எதுவும் வரையாத 835 மாடுகளில் 15 செத்தன. ஒரே மந்தையில் வரையாத மாடும் நின்றதால் அது பலியாகி மற்றதைக் காத்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். இருந்தாலும் செலவு ஒரு டப்பா பெயின்ட். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிக்கிற கையால் பின்புறத்துக்கும் அடித்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் கொடுப்பதை யோசிக்கவே வேண்டாம். முதலில் சாவது வேலி போட்டவர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். சோலார் வேலியானாலும் தமிழ்நாட்டில் 2023 முதல் அதற்கென விதிகள் உண்டு. வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பன்றிக்கென்று வைக்கும் சுருக்குக் கம்பியும் அப்படித்தான். அதில் மாட்டுவது பல நேரம் சிறுத்தை. மாட்டாமல் போனாலும் கேடு உண்டு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வில் அங்குள்ள சிறுத்தைகளின் உணவில் மிகப் பெரும்பகுதி காட்டு விலங்கே என்று தெரியவந்தது. காட்டில் இரை இருக்கும்வரை அது உங்கள் பட்டியைத் தேட அவசியமில்லை. கேளையாட்டையும் பன்றியையும் கம்பி வைத்துக் காலி செய்கிறவர், அடுத்த வீட்டு ஆட்டுக்குச் சிறுத்தையை அனுப்பிவைக்கிறார்.

இப்போது அந்தப் பூச்சிமருந்து. உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் கெட்ட மனிதராக இருக்கமாட்டார். ஆடுமாடு போன வயிற்றெரிச்சல் எனக்கும் புரியும். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அணைக்கு அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. எமரால்டு பகுதியைச் சேர்ந்த ஒருவர், புலி கொன்ற தன் பசுவின் உடலில் பூச்சிமருந்து வைத்ததாகக் கைதானார். அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மட்டும் நீலகிரியில் 10 புலிகள் இறந்தன, பெரும்பாலானவை குட்டிகள். அத்தனையும் நஞ்சால் அல்ல என்றாலும், நாடு முழுவதும் பேசப்பட்டது அந்தப் பசுவின் உடலைப் பற்றித்தான். சிறுத்தையும் புலியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு செந்நாயும் அதில் சேர்ந்துவிட்டது. நஞ்சு வைப்பதும் சட்டப்படி வேட்டைதான். குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. மாட்டுக்கு நிவாரணம் வாங்கவேண்டியவர் குற்றவாளியாகி நிற்பார். ஓடையோரம் வைத்த மருந்து ஓடையில் கலக்கும் என்பதையும், அந்தத் தண்ணீரைக் கீழே யார் குடிக்கிறார்கள் என்பதையும் அவரிடம் கேளுங்கள். மோயாறு பள்ளத்தாக்கின் பிணந்தின்னிக் கழுகுகள் நெடுந்தூரம் பறந்து இரை தேடுகிறவை, நஞ்சு அவற்றையும் சேரும். சாவதற்குச் சில நாள் முன் வலிக்காக ஊசி போட்டிருந்த மாட்டின் உடலை எந்தக் காரணத்துக்காகவும் திறந்தவெளியில் விடாமல் புதைக்கவேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். அந்தக் கழுகுகளைக் கொல்லும் டைக்ளோபினாக் என்ற வலிமருந்தைக் கால்நடைக்குப் போட 2006-லேயே தடை வந்தது. மாற்றாக மெலாக்சிகாம் இருக்கிறது.

கூண்டு வேண்டுமா என்றால், ஆட்டைக் கொன்றதற்காக மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 பேர் தாக்கப்பட்டார்கள். அதன்பின் 17 பேர். பிடித்த விலங்கின் இடத்துக்கு, அந்த ஊரின் மேடுபள்ளம் தெரியாத இன்னொன்று வரும். கொண்டுபோய் விட்ட விலங்கு பழகாத ஊரில் அலையும். மனிதரைத் தாக்கத் தொடங்கிய விலங்கு வேறு வழக்கு. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா சரிவுகளில் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டுத்தான் நிறுத்த முடிந்தது. 2021 அக்டோபரில் டி-23 என்று எண்ணிட்ட புலியை மசினகுடியில் உயிரோடு பிடித்தார்கள். அங்கே தாமதம் கூடாது. உங்கள் சிறுத்தை மனிதரைக் கண்டு விலகிப்போகிற ஒன்று. அது அப்படியே இருப்பது உங்களுக்கு நல்லது.

அடித்த மறுநாள் காலை செய்ய வேண்டியதை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்து தடத்தை மிதிப்பதற்குள் ஒரு தடத்தின் மேல் சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். உடலை அசைக்காமல், காயம் தெரிய, காதிலுள்ள வில்லை எண் தெரிய, இடம் தெரியப் படம் எடுங்கள். வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். வனக்காப்பாளர் வந்து பார்த்து, கால்நடை மருத்துவர் உடற்கூறு ஆய்வு செய்து சான்று தந்தால்தான் நிவாரணம் நகரும். வங்கிப் புத்தக நகல், ஆதார் நகல், மனு, மூன்றையும் அன்றே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தொகை அரசாணைப்படி அவ்வப்போது மாறும். சந்தையில் ஒரு கறவைமாட்டின் விலைக்கு அது ஈடாகாது என்பதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெருநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு வழி வேறு, மனுவும் வேறு. அதனால்தான் கடித்தது எது என்று முன்னால் அவ்வளவு விவரமாகச் சொன்னேன்.

உடலை உடனே எடுத்துப் புதைத்தால் சிறுத்தை வராது என்று நினைப்பவர்கள் உண்டு. கொன்றதைத் தின்னவிடாமல் எடுத்தால், பசித்த விலங்கு இன்னொன்றைக் கொல்லும். வீட்டிலிருந்து தள்ளி, பாதையில்லாத சரிவில் கிடக்கும் மாட்டை, வனத்துறை சம்மதித்தால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது. வீட்டையொட்டிக் கிடந்தால் அப்படி விடமுடியாது, புதைத்துத்தான் ஆகவேண்டும். அதன்பின் ஒரு வாரத்துக்கு இரவில் கழிப்பறைக்கும் தனியாகப் போகாதீர்கள், திரும்பிவந்து தேடும்.

தப்பிய மாட்டை வைத்துக்கொண்டு பலர் கோட்டைவிடுகிறார்கள். வெளியே தெரிவது நான்கு சின்ன ஓட்டைதான், உள்ளே தசை கிழிந்து அழுகத் தொடங்கியிருக்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவுங்கள். காயத்தைத் தைக்கச் சொல்லாதீர்கள். 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வெறிநாய்க்கடி நோய் மாட்டுக்கும் வரும், காட்டு விலங்கின் கடியாலும் வரும். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தடுப்பூசியை விடாமல் போடவேண்டும். அதுவரை அந்த மாட்டின் பாலை மருத்துவரைக் கேட்காமல் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் பிரீமியத்தில் 15 சதவீதத்தை உரிமையாளர் கட்டினால் போதும் என்று 2024-இல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது; மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் காதில் வில்லை இல்லாத மாட்டுக்குக் காப்பீட்டுக்காரர்கள் ஒரு ரூபாயும் தரமாட்டார்கள். வில்லை அறுந்து விழுந்திருந்தாலும் அதே கதைதான். உங்கள் கிடாரிக்கு இன்னும் வில்லை போடவில்லை என்று கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கால்நடை மருந்தகத்துக்கு இந்த வாரமே ஓட்டிப் போய்ப் போட்டுவிடுங்கள். அப்படியே பசுக்கள் இரண்டின் வில்லையும் பிடிப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மிஞ்சிய ஒற்றை ஆடு தனியாகக் கிடந்தால் இரவெல்லாம் கத்தும், அந்தச் சத்தமே சிறுத்தையைக் கூப்பிடும். புதுக்கதவு வரும்வரை அதை மாடுகளோடு சேர்த்துக் கட்டுங்கள்.